மெரியானாவின் கட்டைவிரல்

மரத்துப்போன விரலைப் பற்றி மெரியானாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உலகத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் ப்ளஃப் துறைமுகத்துச் சிப்பி ஷெட்டில் முப்பத்தோரு வருஷம் நின்றபடியே சிப்பி திறந்தவள் அவள். மார்ச் முதல் தேதி படகுகள் சிப்பி மூட்டையோடு கரைக்கு வந்தால், ஆகஸ்ட் முடியும்வரை கை காயாது. கதவிடுக்கில் தென்துருவத்துக் குளிர்காற்று ஊதும். காலை ஏழு மணிக்கு விரல் மரக்கும், பத்து மணி டீக்கு உயிர் வரும், பத்தே காலுக்கு மறுபடி மரக்கும். அதை ஒரு வியாதி என்று சொன்னால் ஷெட்டில் சிரிப்பார்கள்.

அதனால்தான் அந்த நவம்பர் செவ்வாய்க்கிழமை, டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் லிகாயா சொன்னதைக் கேட்டு அவளும் சிரித்தாள். வலது மார்பை எடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. இனி வாரம் ஒரு தடவையாகப் பன்னிரண்டு வாரம் மருந்து ஏற்ற வேண்டும். மணிலாவிலிருந்து வந்த லிகாயா ஆளுதான் சின்னது, குரலில் அதிகாரம் இருந்தது.

"இந்த மருந்து நரம்பு நுனியைக் கெடுக்கும். கை விரல், கால் விரல் மரத்துப் போகும், ஊசி குத்துற மாதிரி இருக்கும். அதுக்கு ஒரு வழி இருக்கு. உறைய வெச்ச கையுறையும் காலுறையும் மாட்டிக்கணும். மருந்து ஏறுறதுக்குக் கால் மணி முன்னாடி ஆரம்பிச்சு, முடிஞ்சு கால் மணி வரைக்கும். குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், மருந்து விரல் நுனிக்குக் கம்மியாப் போகும். முழுசாத் தடுக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நிறைய பேருக்குக் கேட்டிருக்கு."

"ஐஸா? எனக்கா?" மெரியானா தன் இரண்டு கைகளையும் நர்ஸின் மூக்குக்கு நேராக நீட்டினாள். "இதைப் பாரு. முப்பத்தோரு வருஷமா ஐஸ்ல கெடந்த கை. கூலி வாங்கிக்கிட்டு மரத்தது போதும், இப்ப சீக்கு வந்தும் மரக்கணுமா? போம்மா, வேற வேலை இருந்தாப் பாரு."

"அந்தக் குளிர்ல மரத்தா அடுப்புகிட்டப் போனா சரியாயிடும். இது அப்படியில்ல. திரும்பாமலே போனாலும் போகும்."

"திரும்பும், திரும்பும். என் கையை எனக்குத் தெரியும்."

லிகாயா கட்டாயப்படுத்தவில்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள்: "வாராவாரம் உங்களைக் கேப்பேன், மரக்குதா, குத்துதான்னு. கொஞ்சம் இருந்தாலும் சொல்லணும். ஆரம்பத்துலயே சொன்னா டாக்டர் மருந்தைத் தள்ளி வெப்பாரு, இல்ல குறைப்பாரு. ஒளிச்சா விரல் போச்சு." மெரியானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதல் வாரமும் இரண்டாம் வாரமும் வெறுங்கையோடே மருந்து ஏறிற்று.

பிடிவாதக்காரி. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வார்த்தையே இதுதான் வருகிறது. அவள் கட்டைவிரலின் அருமையைச் சொன்னால்தான் இந்தப் பிடிவாதத்தின் முட்டாள்தனம் முழுதாக விளங்கும்.

சிப்பி திறப்பதில் கத்தி பாதி வேலைதான். ஓட்டின் விளிம்பு தட்டுப்படும் இடத்தில் கத்தியைச் செருகி ஒரு திருப்பு, ஒரு அறுப்பு, மேலோடு கழன்றுவிடும். அதற்குப் பிறகு சதையின் மேல் கட்டைவிரலை ஒரு தடவு தடவ வேண்டும். உடைந்த ஓட்டின் சில்லு ஒட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அதற்காகவே எங்கள் ஷெட்டில் ரப்பர் கையுறையின் கட்டைவிரல் பாகத்தை எல்லோரும் வெட்டி எறிந்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லுகூட மெரியானாவின் கட்டைவிரலுக்குத் தெரியும். அவள் டப்பாவில் சில்லு கடித்தேன் என்று இந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. ஒரே ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி நோலீன். மெரியானாவின் தம்பி ராவிரியின் பெண்டாட்டி. ஒரு காலத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து நின்றவர்கள், நகமும் சதையுமாக இருந்தவர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் நோலீனுக்கு இதே வியாதி வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் வாந்தி எடுத்த பாத்திரம் கழுவியதும் மெரியானாதான். அந்த மே மாதம் திருவிழாவில் சிப்பி திறக்கும் போட்டி நடந்தது. ஐம்பது சிப்பியை முதலில் முடித்தவள் மெரியானா. நடுவராக நின்றவள் நோலீன். சொந்தக்காரியை நடுவராக வைக்கலாமா என்று கேட்காதீர்கள், இந்த ஊரில் யாரை நிறுத்தினாலும் யாருக்காவது உறவுதான். நோலீன் தட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டிவிட்டு, "ரெண்டு சில்லு" என்றாள். ஒரு சில்லுக்கு ஐந்து விநாடி தண்டம். வடக்கேயிருந்து வந்த எவளோ ஒருத்தி நாலு விநாடி வித்தியாசத்தில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"எங்கே அந்தச் சில்லு, காட்டுடி!" என்று மெரியானா மேடையிலேயே கத்தினாள்.

"தண்ணியில விழுந்துடுச்சு" என்றாள் நோலீன்.

அன்றோடு பேச்சு அறுந்தது. அடுத்த பருவத்தில் நோலீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு டப்பா அடைக்கும் மேஜைக்குப் போய்விட்டாள். "செஞ்ச பாவம் கத்தியைப் புடிக்க விடல" என்று மெரியானா ஷெட் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். ஒன்பது வருஷம் இரண்டு பேரும் பத்தடி தூரத்தில் வேலை செய்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் நிற்கும் ஷோனாதான் தபால்காரி.

"ஷோனா, அந்தப் பொம்பளைகிட்ட சொல்லு, டப்பாவைக் கொஞ்சம் வேகமாத் தள்ளச் சொல்லி."

"ஷோனா, அந்த மகாராணிகிட்ட சொல்லு, கை ரெண்டுதான் இருக்குன்னு."

ஷோனா இருவருக்கும் பாதி பாதி சொல்லி, பாதியை முழுங்கி, நாளை ஓட்டினாள்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை மெரியானாவின் வீட்டு வாசலில் ராவிரியின் வண்டி வந்து நின்றது. வழக்கமாக அவளை டவுனுக்குக் கூட்டிப் போகிறவன் தம்பிதான். ஆனால் வண்டியிலிருந்து இறங்கியது நோலீன். பின்னால் ஒரு பெரிய மீன் தொட்டி இருந்தது.

"ராவிரி எங்கே?" மெரியானா காற்றைப் பார்த்துக் கேட்டாள். தபால்காரி இல்லாததால் காற்றோடுதான் பேச வேண்டியிருந்தது.

"கடல்ல. காட் மீன் கெடைக்குதாம், வெள்ளிக்கிழமைதான் வருவான். ஏறு வண்டியில."

"உன் வண்டியில ஏறுறதுக்கு நடந்தே போவேன்."

"இருபத்தேழு கிலோமீட்டர். நட. நான் பின்னாலயே ஹாரன் அடிச்சுக்கிட்டு வர்றேன், ஊரே வேடிக்கை பார்க்கட்டும்."

மெரியானா ஏறினாள். கதவை அறைந்து சாத்திய வேகத்தில் கண்ணாடி ஆடிற்று. ஆஸ்பத்திரி வாசலில் நோலீன் அந்தத் தொட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோதுதான் கேட்டாள்: "அது என்னடி?"

"ஐஸ். நீ கையுறை வேண்டாம்னியாமே. நர்ஸ் ராவிரிகிட்ட சொன்னா, அவன் என்கிட்ட சொன்னான். இன்னைக்கு உன் கையும் காலும் இதுக்குள்ள போகுது."

"நீ யாருடி என் கையைப் பத்திப் பேச?"

"யாருமில்ல. உனக்காக ஒண்ணும் வரல, பெருசா நெனச்சுக்காதே. நாளைக்கு விரல் போச்சுன்னு நீ வந்து என் மேஜையில, என் பக்கத்துல நிப்பே. அந்த மூஞ்சியை நாள் பூரா பார்க்க என்னால முடியாது."

மருந்து ஏற்றும் அறையில் இன்னும் நாலு பேர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அன்றைக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. நோலீன் தொட்டியை மெரியானாவின் காலடியில் வைத்து மூடியைத் திறந்தாள். படகிலிருந்து அள்ளி வந்த ஐஸ், அதில் இரண்டு வாளி கடல் தண்ணீர், போதாததற்கு ஒரு பை கல்லுப்பு. மீன்காரர்களுக்குத் தெரிந்த வித்தை அது, உப்பு சேர்ந்தால் ஐஸுக்குக் குளிர் கூடும். நோலீன் மெரியானாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே அழுத்தப் போன நேரத்தில் லிகாயா ஓடி வந்தாள்.

"என்ன இது? உப்பா போட்டிருக்கீங்க? ஐயோ, கையை எடுங்க!"

"காட் மீனை மூணு நாள் வெச்சாலும் கெடாது இதுல" என்றாள் நோலீன் பெருமையாக.

"இவங்க மீன் இல்ல! உப்புத் தண்ணி ஐஸ் சாதா ஐஸை விடக் கடுங்குளிர். ஒரு மணி நேரம் வெச்சா தோல் பொசுங்கிடும். நரம்பைக் காப்பாத்தப் போய் விரலையே கழட்டிடுவீங்க போல இருக்கே."

மெரியானா ஆஸ்பத்திரியே அதிரச் சிரித்தாள். "ஆடத் தெரியாதவ ஐஸைக் கொண்டாந்தாளாம்! என்னைக் கொல்லப் பார்க்கிறா, எழுதி வெச்சுக்கோங்க எல்லாரும்!"

நோலீனின் முகம் வேகவைத்த நண்டு நிறத்துக்குப் போயிற்று. லிகாயா ஆஸ்பத்திரி ஃப்ரீசரில் முன்பு யாரோ விட்டுப்போன, உள்ளே பசை நிரப்பிய கையுறை ஜோடிகள் இரண்டையும் காலுறை ஜோடிகள் இரண்டையும் தேடி எடுத்து வந்தாள். உள்ளே முதலில் மெல்லிய பருத்திக் கையுறை, அதன் மேல்தான் இது. பாதி நேரத்தில் குளிர் குறைந்துவிடும், அப்போது அடுத்த ஜோடிக்கு மாற்ற வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் இரவே வைத்துவிட்டுக் காலையில் பெட்டியில் கொண்டுவர வேண்டும். அதெல்லாம் தன்னால் முடியாது என்று மெரியானா சொல்வதற்கு முன்பே, "நான் பார்த்துக்கறேன்" என்று நோலீன் அவற்றைப் பிடுங்கிக்கொண்டாள். நாலு பேர் பார்க்கச் சிரித்தாகிவிட்டது, இப்போது மாட்டாவிட்டால் குளிருக்குப் பயந்துவிட்டாள் என்பார்கள். அந்த ஒரே காரணத்துக்காக மெரியானா கையை நீட்டினாள்.

முதல் பத்து நிமிஷம் எலும்பு வரை குடைந்தது. பல்லைக் கடித்தாள்.

"வலிக்குதா?" என்றாள் நோலீன்.

"உன் சமையலை விட இது தேவலை."

அப்படியே வாரங்கள் போயின. செவ்வாய் தோறும் நோலீன் வந்தாள், பெட்டியை வைத்தாள், கையுறை மாட்டினாள், பாதியில் மாற்றினாள், திட்டு வாங்கினாள், திருப்பிக் கொடுத்தாள். உப்பில் போட்டு வைத்த தீத்திக் கடற்பறவைக் கறியை அவித்துக் கொண்டுவந்தாள் ஒரு நாள். வாயெல்லாம் தகரமாக இருக்கிறது, இதிலே உன் உப்புக் கறி வேறா என்று மெரியானா தள்ளிவிட்டாள். நோலீன் அங்கேயே உட்கார்ந்து, அவள் மூக்குக்கு நேராக, எலும்பு வரை உறிஞ்சித் தின்றுவிட்டுப் போனாள். முடி கொட்டியது, புருவம் கொட்டியது. விரல்கள் மட்டும் அதுவரை பழைய விரல்களாக இருந்தன.

ஆறாம் மருந்து முடிந்த மூன்றாம் நாள் அது வந்தது. சட்டைப் பொத்தான் விரலுக்குள் நிற்கவில்லை. கட்டைவிரல் நுனியில் பொடி மணல் ஒட்டியிருப்பதுபோல ஒரு குத்தல். கழுவினாள், போகவில்லை. அடுப்பருகே காட்டினாள், அப்போதும் போகவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அடுப்புக்கு அடங்காத மரப்பு அதுதான் முதல் தடவை. அடுத்த செவ்வாய் லிகாயா வழக்கம்போலக் கேட்டாள்.

"மரக்குதா? குத்துதா?"

"ஒண்ணுமில்ல" என்றாள் மெரியானா.

ஏன் பொய் சொன்னாள்? சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள், குறைத்தால் உள்ளே கிடக்கும் சனியன் திரும்பி வரும் என்று பயம். சொல்லாவிட்டால் விரல் போகும். விரல் போனால் டப்பா மேஜை, நோலீன் பக்கத்தில், சாகும்வரை. இரண்டு பக்கமும் குழி. நடுவில் நின்றுகொண்டு, இது ஷெட் மரப்புதான், மார்ச் முதல் தேதிக்குள் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்காரர்களை ஏமாற்றுவது சுலபம். அவர்கள் கேட்பார்கள், நாம் சொல்வதை எழுதிக்கொள்வார்கள்.

ஒன்பதாம் வாரம் நோலீன் வந்தபோது வண்டியைக் கிளப்பவில்லை. மெரியானா இருக்கைப் பட்டியை மாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி முறைக்கிறே?"

"எறங்கு. வீட்டுக்குள்ள வா."

"நேரமாச்சு."

"எறங்குன்னேன்ல."

சமையலறை மேஜையில் கிடந்த துணியை நோலீன் குழாயில் நனைத்துப் பிழிந்து மேஜை மேல் விரித்தாள். பிறகு மெரியானாவை முதுகைக் காட்டி நிற்கச் சொன்னாள். துணி சரசரத்தது.

"இப்பத் திரும்பு. துணிக்கு அடியில ஒரு சில்லு வெச்சிருக்கேன். கட்டைவிரலால தேடு."

"பைத்தியமாடி உனக்கு?"

"சிப்பி ராணிதானே நீ? தேடேன்."

மெரியானா வீறாப்பாகக் கையை வைத்தாள். ஈரத்துணியின் மேல் கட்டைவிரல் மெதுவாகப் போயிற்று. இடது மூலை, நடு, வலது மூலை. வலது மூலையில் சுருக்கென்று குத்தியது. பெருமூச்சு விட்டாள்.

"இந்தா. இங்கதான். பெரிய வித்தை காட்ட வந்துட்டா."

நோலீன் துணியின் நுனியைப் பிடித்துத் தூக்கினாள். மேஜை வெறுமையாக இருந்தது. ஒன்றுமே இல்லை.

"எடுத்துட்டே! நான் திரும்பறதுக்குள்ள எடுத்துட்டே!"

"வைக்கவே இல்லடி."

மெரியானா நாற்காலியில் உட்கார்ந்து தன் கட்டைவிரலை, தன்னைக் கடித்த அடுத்த வீட்டு நாயைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள் நோலீன்.

"ரெண்டு வாரம்."

"பட்டியை மாட்டறப்ப குனிஞ்சு கண்ணால பார்த்து மாட்டினே. விரல் நல்லா இருக்கிறவ பார்க்க மாட்டா. போன வாரமே சந்தேகப்பட்டேன்."

"அது சரி." மெரியானா தலையைத் தூக்கினாள். அவள் கண் சுருங்கியது. "துணிக்கடியில ஒண்ணும் வைக்காம தேடச் சொல்லணும்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? இல்லாத சில்லு குத்தும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நோலீன் துணியை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். மடிக்கும்போது அவளும் குனிந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோலீன்."

ஒன்பது வருஷத்தில் அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

"என் மருந்து முடிஞ்சு மூணு மாசம் அப்ப" என்றாள் நோலீன். "அவங்க கேட்டப்பல்லாம் ஒண்ணுமில்லைன்னுதான் நானும் சொன்னேன். விரல் செத்துப் போச்சுன்னு ராவிரிக்கே தெரியாது. நடுவரா நிக்கச் சொன்னாங்க. மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க. நின்னேன். எல்லார் தட்டுலயும் குத்துச்சு. எது நிஜம், எது பொய்னு தெரியல. உன் தட்டுல ரெண்டு தடவை பலமாக் குத்துச்சு. நாத்தனாருக்கு விட்டுக் குடுத்துட்டான்னு ஊர் பேசுமேன்னு பயந்து ரெண்டுன்னு சொல்லிட்டேன்."

"தட்டுல?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் கண்ணால பார்த்தேன். ஒண்ணுமே இல்ல."

மெரியானா அந்த ஈரத்துணியைப் பிடுங்கி அவள் முகத்தில் விசிறி அடித்தாள். சளார் என்று பட்டது. நோலீன் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஒன்பது வருஷம்! அடிப்பாவி, ஒன்பது வருஷம்டி! உன் வாந்தியை அள்ளினவ நான். என் கையை, என் பேரை, ஊர் நடுவுல வெச்சு... ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா கத்தியைப் புடுங்கிடுவாங்கன்னு சொல்லல. அப்புறம் நானே கீழே வெச்சுட்டேன். அதுக்கப்புறம் சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல. நீயும்தான் இப்ப சொல்லல. ரெண்டு வாரமா."

மெரியானாவின் கோபம் இரட்டித்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"நான் இன்னைக்கு அந்த நர்ஸ்கிட்ட சொல்றேன்" என்றாள் கடைசியில். "நீ ஷெட்டுல சொல்லணும். மார்ச் ஒண்ணாம் தேதி. பத்து மணி டீக்கு. எல்லார் முன்னாடியும்."

"சொல்றேன்."

"முணுமுணுக்கக் கூடாது."

"சொல்றேன்னு சொல்லிட்டேன்ல. வண்டியில ஏறு, மொதல்ல."

அன்று லிகாயா கேட்பதற்கு முன்பே மெரியானா சொன்னாள். "மரக்குது. கட்டைவிரல் குத்துது. கால் விரலும்தான். ரெண்டு வாரமாப் பொய் சொன்னேன், திட்டணும்னா திட்டிக்கோ." லிகாயா திட்டவில்லை. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சும் மரக்குச்சி முனையும் வைத்து விரல் விரலாகப் பார்த்தாள். டாக்டர் வந்தார். அந்த வாரம் மருந்து இல்லை என்றார், அடுத்ததிலிருந்து அளவைக் குறைப்பதாகச் சொன்னார்.

"கொறைச்சா அது திரும்பி வந்துடாதா?" மெரியானா கேட்டாள். அவள் குரல் அந்த ஆஸ்பத்திரியில் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது.

பெரும்பகுதி மருந்து ஏறியாகிவிட்டது, இவ்வளவு குறைப்பதால் பெரிய நஷ்டம் வராது, விரலை இப்படியே விட்டால்தான் நஷ்டம் நிச்சயம் என்றார் டாக்டர். விரல் முழுக்கத் திரும்புமா என்று கேட்டதற்கு, தெரியாது, பார்க்கலாம் என்றார். தெரியாது என்று ஒரு படித்த மனுஷன் வெட்கமில்லாமல் சொன்னது மெரியானாவுக்கு எரிச்சலாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. திரும்பும் வழியில் ஷெட்டில் பேசவேண்டியதை மட்டும் நோலீனுக்கு நாலு தடவை ஞாபகப்படுத்தினாள்.

பிப்ரவரி நடுவில் மருந்து முடிந்தது. கால் விரல்கள் கட்டையாகவே இருந்தன. செருப்பு கழன்றால் தெரியவில்லை. கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மந்தம். கட்டைவிரலை அவள் சோதிக்கவே இல்லை. ஈரத்துணி பக்கமே போகவில்லை. அது என்ன ஆயிற்று என்று கேட்டவர்களை எல்லாம் கடித்துக் குதறினாள்.

மார்ச் முதல் தேதி. மொட்டைத் தலையில் கம்பளித் தொப்பி. அரை நாள் மட்டும்தான், வெட்டுக்காயம் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையுறை மேல் கையுறை. வலது கட்டைவிரல் பாகத்தை மட்டும், டாக்டருக்குத் தெரியாமல், கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தாள். முதல் மூட்டையைக் கொட்டினார்கள். எல்லோரும் அவரவர் சிப்பியைப் பார்ப்பதுபோல அவளையே பார்த்தார்கள். ஷோனா கத்தியை எடுத்தவள் எடுத்தபடியே நின்றாள்.

ஒரு சிப்பியை எடுத்தாள். செருகினாள், திருப்பினாள், அறுத்தாள். பழைய வேகத்தில் பாதிகூட இல்லை. கட்டைவிரலைச் சதையின் மேல் வைத்து ஒரு தடவு தடவினாள். வழுவழுப்பு. குளிர்ச்சி. ஓரத்தில், மீசை மயிர் அளவுக்கு ஏதோ ஒன்று.

நிஜமா, பொய்யா?

குனிந்து பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இருந்தது. வெள்ளையாக, எள்ளில் பாதிகூட இல்லாமல், ஒரு சில்லு இருந்தது. "என்னத்தைப் பார்க்கிறீங்க எல்லாரும்? வேலை இல்லையா?" என்று கத்தினாள். ஷெட் முழுக்கக் கத்திகள் அசைந்தன.

பத்து மணிக்கு டீ. சீஸ் ரோல் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. நோலீன் கோப்பையோடு கதவுப் பக்கம் நழுவினாள்.

"ஷோனா" என்றாள் மெரியானா, "அந்தப் பொம்பளைகிட்ட சொல்லு, இன்னைக்கு என்ன தேதின்னு."

நோலீன் நின்றாள். திரும்பினாள். கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த வருஷம் மெரியானா தட்டுல சில்லு இல்ல."

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கல."

"சில்லு இல்லைன்னேன்!" நோலீன் கத்தினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்குத்தான் விரல் செத்துப் போச்சு. மருந்துல. யார்கிட்டயும் சொல்லல. இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டேன். போதுமா?"

யாரோ சீஸ் ரோலைக் கடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"அப்ப... அந்தப் போட்டிக் கோப்பை?" என்றாள் ஷோனா.

"வாயை மூடு ஷோனா" என்றாள் மெரியானா.

மன்னிப்பா? அதெல்லாம் ஒன்றும் அவள் கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஒன்பது வருஷம் கழுவிப் போய்விடுமா என்ன! டீயை முடித்துவிட்டுப் பெஞ்சுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நிழல் விழுந்தது. டப்பாவில் அடைக்க வேண்டிய சிப்பித் தட்டோடு நோலீன் நின்றுகொண்டிருந்தாள்.

"இதுல சில்லு இருக்கான்னு பாரு. நான் இத்தனை வருஷமா கண்ணாலதான் பார்க்கிறேன். விளக்கு வெளிச்சத்துல."

"அடிப்பாவி! அப்ப ஊருக்கே சில்லைத் தின்னக் குடுத்திருக்கியா?" மெரியானா தட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். நாலாவது சிப்பியில் நின்றாள். கிள்ளி எடுத்தாள். "கண்ணை மூடு. கையை நீட்டு."

"என்னத்துக்கு?"

"மூடுன்னேன்ல."

நோலீன் மூடினாள். மெரியானா அந்தச் சில்லை அவள் கட்டைவிரல் நுனியில் வைத்து லேசாக அழுத்தினாள்.

"இருக்கா, இல்லையா?"

நோலீன் உதட்டைக் கடித்தாள். நெற்றி சுருங்கியது.

"தெரியல" என்றாள்.

"இந்த ஒரு வார்த்தையை அன்னைக்குச் சொல்லியிருந்தாப் போதுமேடி" என்றாள் மெரியானா. சில்லைத் தட்டி விட்டுவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.